பால் கேலிக்கோ: குத்து வாங்கி எழுதக் கற்றவர்

கேள்வி இது: ‘தி போசைடன் அட்வென்ச்சர்’ படத்தின் மூலக்கதையை எழுதிய பால் கேலிக்கோ முதலில் விளையாட்டு நிருபராக இருந்தவர் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் குத்துச்சண்டையும் பேஸ்பாலும் எழுதின கை எப்படிப் பூனைக்கதைக்கும் கவிழ்ந்த கப்பலுக்கும் போனது? அவர் எழுதியதில் இன்றைக்கு எதைப் படிக்கலாம்?

உண்மைதான். அதுவும் ஏதோ இரண்டு வருடம் விளையாட்டுப் பக்கத்தில் ஒப்பேற்றிவிட்டுக் கதை எழுதக் கிளம்பியவர் இல்லை. 1920களிலும் 30களின் முதல் பாதியிலும் நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர், பத்தி எழுத்தாளர், அந்த ஊரில் நல்ல சம்பளம் வாங்கிய விளையாட்டு எழுத்தாளர்களில் ஒருவர். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆளை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள்: குத்துச்சண்டைக்காரர்களோடு திரிந்த கேலிக்கோ ஒருவர், பூனையும் வாத்தும் எழுதிக் கண்ணீர் வரவழைத்த கேலிக்கோ இன்னொருவர் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நாவல்களில் நன்றாக இருப்பதும் சரி, பல்லைக் கடிக்க வைப்பதும் சரி, இரண்டுமே விளையாட்டுப் பக்கத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம்தான் என்பது என் கட்சி.

ஆள் பிறந்தது நியூயார்க்கில், 1897 ஜூலை 26. அப்பா இத்தாலியக் குடும்பத்துப் பியானோக் கலைஞர், அம்மா ஆஸ்திரியாக்காரர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கே துடுப்புப் படகு அணிக்குத் தலைவர். முதல் உலகப்போரின்போது கடற்படையிலும் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், படகு வலித்து உரமேறிய தோள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் அந்த உடம்பு இல்லாமல் அவருடைய பத்திரிகை வாழ்க்கையே இல்லை.

டெய்லி நியூஸில் அவர் சேர்ந்தது சினிமா விமர்சகராக. 1919இல்தான் ஜோசப் மெடில் பேட்டர்சன் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். படம் அதிகம், எழுத்து குறைவு, ரயிலில் நின்றுகொண்டே மடித்துப் படிக்கிற அளவு தாள். கேலிக்கோவின் விமர்சனங்களில் நக்கல் ஜாஸ்தி. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, வேலையும் போயிற்று. அப்புறம் விளையாட்டுப் பிரிவில் தஞ்சம் புகுந்தார். அவரை ஆசிரியர் நாற்காலிக்குக் கொண்டுபோனது எழுத்து நேர்த்தி என்பதைவிட ஒரு பைத்தியக்கார யோசனை என்பதுதான் சரி.

1923இல் ஜாக் டெம்ப்சி உலக ஹெவிவெயிட் சாம்பியன். அர்ஜென்டினாவின் லூயிஸ் ஃபிர்போவோடு செப்டம்பரில் மோத வேண்டும், அதற்கான பயிற்சி முகாம் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில். முகாமைப் பற்றி எழுதப் போன கேலிக்கோ, நேராக டெம்ப்சியிடமே போய், என்னோடு ஒரு ரவுண்டு போடுவீர்களா என்று கேட்டார். அதுவரை அவர் கையுறை மாட்டியதே கிடையாது. உலக சாம்பியனின் குத்து முகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அதைப் பற்றி எழுதுவது எப்படி என்பதுதான் அவர் வாதம். டெம்ப்சி சரி என்றார்.

அடுத்து நடந்ததை அவரே பின்னால் ‘தி ஃபீல்’ என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார், அந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தலைக்குள் ஏதோ கிழிகிறது, உடனே இருட்டு. அடுத்து நினைவு வரும்போது கோதாவின் தரையில் கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ சண்டைகளில் அடிபட்டு விழுந்தவர்கள் முகத்தில் அதே அசட்டுச் சிரிப்பைப் பார்த்ததாகவும், பார்த்தபோதெல்லாம் புரிந்ததாகவும் சொல்கிறார். இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொள்கிறார், ஏனென்றால் கோதாவும் வெளியே நிற்கிற கூட்டமும் சேர்ந்து வலப்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றி நின்று, திரும்ப இடப்பக்கமாகச் சுற்றுகின்றன. டெம்ப்சியின் மேனேஜர் ஜாக் கேர்ன்ஸ் எண்ணிக்கொண்டிருக்கிறார், அது காதில் விழவே இல்லை. எப்படியோ எழுந்து நிற்கிறார். டெம்ப்சி பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துத் தாங்கிக்கொண்டு காதில் சொல்கிறார்: தலை தெளியும் வரை கொஞ்சம் மல்லுக்கட்டிக்கொண்டிரு, தம்பி. அப்புறம் பின்கழுத்தில் சின்னச் சின்னத் தட்டுகள், விலாவில் குட்டைக் குத்துகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை செல்லத் தட்டுகள் மாதிரித்தான் தெரியும், பாதி மயங்கியவனுக்கு அவை என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்கிறார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை, ஆள் காலி.

அந்தக் கட்டுரையில் வீரம், தீரம், மின்னல் வேகம் என்ற வகையறாச் சொற்களுக்கு வேலையே இல்லை. கோதா எந்தப் பக்கம் சுற்றியது, முகம் எப்படி இருந்தது, காதில் என்ன விழுந்தது, என்ன விழவில்லை, இவ்வளவுதான். அன்றைய அமெரிக்க விளையாட்டு எழுத்தில் ஒரு பெரிய கூட்டம் கிரேக்கக் காவியத்தையும் பைபிளையும் இழுத்துவந்து வீரர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது, இந்த மனிதர் தன் முதுகுத்தண்டிலிருந்து செய்தி எழுதினார். (அந்த டெம்ப்சி-ஃபிர்போ சண்டையும் கதைக்குக் குறைந்ததில்லை. செப்டம்பர் 14, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். முதல் ரவுண்டிலேயே ஃபிர்போ 7 முறை தரையில், டெம்ப்சியோ கயிற்றைத் தாண்டிப் பத்திரிகைக்காரர்கள் மேலேயே வந்து விழுந்தார். அவர்கள்தான் தள்ளி ஏற்றிவிட்டார்கள் என்று சர்ச்சை. இரண்டாவது ரவுண்டில் ஃபிர்போ முடிந்தார்.)

சரடோகாவில் அடி வாங்கியதைப் பத்திரிகையில் எழுதிய பிறகு ஏறுமுகம்தான். விளையாட்டு ஆசிரியர் பதவி வந்தது. உடம்பால் பார்த்துவிட்டு எழுதுவது என்பதையே ஒரு முறையாக்கிக்கொண்டார். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஹெர்ப் பென்னாக் வீசிய வளைபந்தைக் கையுறையில் வாங்கிப் பார்த்தார், வின்னி ரிச்சர்ட்ஸோடு டென்னிஸ், பாபி ஜோன்ஸோடு கோல்ஃப், ஜானி வைஸ்முல்லரோடு நீச்சல். எல்லாவற்றிலும் தோல்வி, எல்லாவற்றிலும் ஒரு பத்தி. 60களில் ஜார்ஜ் பிளிம்ப்டன் தொழில்முறை அணிகளோடு சேர்ந்து ஆடிப் புத்தகங்கள் எழுதிப் பெயர் வாங்கினாரே, அவருக்கு இந்த வழியைக் காட்டியது கேலிக்கோவின் இந்தக் கட்டுரைகள்தான். பிளிம்ப்டனே அதைச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு யூடியூபில் ‘ஒரு நாள் நான் ராணுவப் பயிற்சிக்குப் போனேன்’ வகை வீடியோக்களுக்கு எல்லாம் மூத்த தாத்தா யார் என்று கேட்டால் இவரைக் கைகாட்டலாம், தப்பில்லை.

எழுத்துக்கு வெளியேயும் ஒரு காரியம் செய்தார். 1927இல் டெய்லி நியூஸ் சார்பில் கோல்டன் க்ளவ்ஸ் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டியை நியூயார்க்கில் தொடங்கிவைத்தார். ஏழைப் பேட்டைப் பையன்கள் வந்து மோதுகிற போட்டி. பத்திரிகை விற்பனைக்கும் அது உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, குத்துச்சண்டையை இவ்வளவு நேசித்தவர் அதன் அழுக்கை எழுதினாரா? எழுதினார், அங்கேதான் அவர் உச்சம். பிரிமோ கார்னெரா என்று ஒரு இத்தாலியர். ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், 260 பவுண்டுக்குப் பக்கம் எடை, பிரான்ஸில் சர்க்கஸில் பலசாலி வேடம் கட்டிக்கொண்டிருந்த ஆள். அங்கிருந்து பிடித்துவந்து குத்துச்சண்டைக்காரர் ஆக்கினார்கள். 1930இல் அமெரிக்காவுக்கு வந்ததும் நியூயார்க் ரவுடிக் கும்பலின் கையில் சிக்கினார். எதிராளிகளில் பலர் காசுக்கோ மிரட்டலுக்கோ விழுந்தார்கள், கார்னெராவுக்கோ தன் குத்தில்தான் விழுகிறார்கள் என்று நம்பிக்கை. 1933 பிப்ரவரியில் அவரோடு மோதிய எர்னி ஷாஃப் சில நாளில் இறந்துபோனார். அதே வருடம் ஜூனில் ஜாக் ஷார்க்கியை வீழ்த்தி உலக சாம்பியன். அடுத்த வருடம் ஜூனில் மாக்ஸ் பேயர் அவரை மாற்றி மாற்றித் தரையில் வீழ்த்தினார், 11 முறை என்று கணக்குச் சொல்கிறார்கள். பட்டம் போனது. 1935இல் ஜோ லூயிஸ் கையில் இன்னொரு உதை. அதற்குள் சம்பாதித்த பணமெல்லாம் யார் யார் பையிலோ போய்விட்டது.

நிருபர்கள் பலருக்கும் கார்னெரா ஒரு கேலிப்பொருள். கேலிக்கோ தன் ‘ஃபேர்வெல் டு ஸ்போர்ட்’ புத்தகத்தில் அவருக்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்கினார், தலைப்பே அந்தப் பாவப்பட்ட ராட்சசனுக்காக இரங்கச் சொல்கிறது. இந்த மனிதனுக்குக் கடைசி வரை தான் ஏமாற்றப்படுகிறோம் என்று தெரியவில்லை, தற்காத்துக்கொள்ளக்கூட யாரும் ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை, அப்படியே கொண்டுபோய் உண்மையான குத்துக்காரர்கள் முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்று கோபமாக எழுதுகிறார். கண் முன்னால் இவ்வளவும் நடந்தபோது விளையாட்டுப் பக்கங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கூச்சமும் அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து குத்துச்சண்டையைப் பற்றிய மிக நேர்மையான பக்கங்களில் அவை சேரும். குத்து வாங்கின ஆள்தான் அப்படி எழுத முடியும்.

ஆனால் அதே புத்தகத்தில் தலைகுனிய வைக்கிற பக்கங்களும் இருக்கின்றன, ரசிகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை ஓட்டம், ஈட்டி எறிதல் இரண்டிலும் தங்கம் வாங்கிய பேப் டிட்ரிக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் முடிந்த கையோடு நிருபர்கள் சிலர் அவரோடு கோல்ஃப் ஆடினார்கள், நடுவில் கிராண்ட்லண்ட் ரைஸ் என்ற விளையாட்டு எழுத்தாளர் விளையாட்டாகச் சீண்டிவிட, கேலிக்கோவும் டிட்ரிக்சனும் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். கேலிக்கோவுக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். டெம்ப்சியிடம் அடி வாங்கியதைப் பெருமையாக எழுதத் தெரிந்த மனிதருக்கு ஒரு பெண்ணிடம் ஓடித் தோற்றதை அப்படி எழுதத் தெரியவில்லை. டிட்ரிக்சனின் தோற்றத்தை, பெண்மையை, ஏன் விளையாட வந்தார் என்பதையெல்லாம் கொச்சையாக எழுதினார், ஆணைப் பிடிக்கும் போட்டியில் மற்றப் பெண்களோடு நிற்க முடியாததால் ஆடுகளத்துக்கு வந்தவர் என்கிற அளவுக்கு. பிற்காலத்தில், டிட்ரிக்சன் புற்றுநோயில் இறந்த பிறகு, மரியாதையாகத்தான் எழுதினார். ஆனால் அந்தப் பெண் உயிரோடு இருக்கும்போது படித்தது முதலில் எழுதியதைத்தானே.

குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் விஷயமும் அப்படித்தான். அந்தக் கறுப்பின இளைஞரின் அமைதியை, வெளியே எதையும் காட்டாத முகத்தை, மிருகத்தின் குணம் என்று எழுதினார். அந்த அமைதி எவ்வளவு யோசித்துக் கட்டிக்கொண்ட கவசம், வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் முன்னால் ஒரு கறுப்பு வீரர் சிரிப்பதற்கும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் அது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குப் படவில்லை. பேஸ்கட்பாலில் யூதர்கள் ஏன் சிறப்பாக ஆடுகிறார்கள் என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்னும் மோசம். அது தந்திர புத்திக்கும் ஏய்ப்புக்கும் ஏற்ற ஆட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார். காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். அதே காலத்தில் அப்படி எழுதாத விளையாட்டு நிருபர்களும் இருந்தார்கள்.

நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: அவருடைய முறையின் பலமும் ஓட்டையும் ஒன்றே. தன் உடம்பு எங்கே போய் நின்று பார்க்க முடியுமோ அங்கெல்லாம் அவருக்கு நுட்பமான பரிவு வந்தது. அடிபட்டு விழுந்த வெள்ளைக்கார ராட்சசனின் உடம்பில் அவரால் குடியேற முடிந்தது. கறுப்பு ஆணின் உடம்பிலும் ஓடி ஜெயிக்கிற பெண்ணின் உடம்பிலும் முடியவில்லை, முயன்றதாகவும் தெரியவில்லை. அந்த இடத்தில் கையிருப்பில் இருந்த மட்டமான கருத்துகளைப் போட்டு நிரப்பிவிட்டார்.

1936இல் ஒரு சிறுகதையைச் சினிமாக்காரர்கள் 5000 டாலருக்கு வாங்கினார்கள். அது போதும் என்று விளையாட்டு எழுத்தை விட்டார். 1938இல் ‘ஃபேர்வெல் டு ஸ்போர்ட்’ வந்தது, நான் மேலே சொன்ன டெம்ப்சி, கார்னெரா பக்கங்கள் எல்லாம் அதில்தான். அதற்குள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் தெற்கு டெவனின் சால்கோம் என்ற கடற்கரை ஊரில், குன்று மேல் ஒரு வீடு, ஒரு கிரேட் டேன் நாய், 23 பூனைகள். அங்கிருந்து சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்குக் கதைகள் எழுதி அனுப்பினார். பிற்பாடு வேறு பல ஊர்கள், மொத்தம் நான்கு திருமணங்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

எழுத்தாளர்கள் மேற்கோள் காட்டுகிற ஒரு வாக்கியம் உண்டு, நரம்பை அறுத்துக் காகிதத்தில் ரத்தம் சிந்தினால்தான் வாசகனோடு தொடர்பு ஏற்படும் என்று. ஹெமிங்வே சொன்னதாக வாட்ஸாப்பில் சுற்றும், சிலர் ரெட் ஸ்மித் என்பார்கள். அச்சில் 1946லேயே அதைச் சொன்னவர் கேலிக்கோ. அவரும் ஸ்மித்தும் விளையாட்டுப் பத்தி எழுதிப் பிழைத்தவர்கள் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். தினசரி மாலைக்குள் ஒரு பத்தி இறக்கியாக வேண்டியவனுக்குத்தான் அந்த ரத்தத்தின் கணக்கு தெரியும்.

அவரைப் புகழேற்றிய கதை ‘தி ஸ்னோ கூஸ்’. 1940இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்டில் வந்தது, அடுத்த வருடம் சிறு புத்தகமானது. எஸ்ஸெக்ஸின் சதுப்பு நிலத்தில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் கூனல் முதுகு ஓவியர் ரயாடர். குண்டடிபட்ட பனி வாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிற சிறுமி ஃப்ரித். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸின் டன்கர்க் கரையில் சிக்கிய சிப்பாய்களை மீட்க ரயாடர் தன் சின்னப் படகில் போகிறார், வாத்து மேலே வட்டமிடுகிறது, அவர் திரும்பி வரவில்லை. உருக்கமான கதை, கொஞ்சம் அதிகமாகவே உருக்கம். விமர்சகர்கள் அப்போதே சர்க்கரை ஜாஸ்தி என்றார்கள். கேலிக்கோ அசரவில்லை, உணர்ச்சிக்கும் சகதிக்கும் நடக்கிற பந்தயத்தில் உணர்ச்சிதான் வெகுதூரம் முன்னால் ஓடுகிறது என்கிற மாதிரிப் பதில் சொன்னார்.

ஆனால் அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். உச்சக் காட்சியான டன்கர்க்கை அவர் நேராகக் காட்டவே இல்லை. மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிற சிப்பாய்களின் கொச்சை மொழியில், அப்புறம் ஒரு அதிகாரியின் பேச்சில், பார்த்தவர்கள் சொல்லக் கேட்பதாகத்தான் வருகிறது. சம்பவ இடத்தில் இல்லாத நிருபர் என்ன செய்வாரோ அதேதான்: சாட்சியைப் பிடி, அவன் பேச்சிலேயே எழுது. உருக்கம் வழிகிற கதையை ஓரளவு நிமிர்த்தி வைப்பது இந்தப் பகுதிதான். (1975இல் கேமல் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இந்தக் கதையை வைத்து ஒரு முழு ஆல்பம் போட்டது. கேலிக்கோ தரப்பு ஆட்சேபித்ததால், கதையால் ‘தூண்டப்பட்ட இசை’ என்று தலைப்பில் சேர்த்து வெளியிட வேண்டியதாயிற்று. கதையைப் படிக்காதவர்களும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பார்கள்.)

பேஸ்பாலுக்கும் ஒருமுறை திரும்பினார். தொடர்ந்து 2130 ஆட்டங்கள் ஆடிய யாங்கீஸ் வீரர் லூ கெரிக், நரம்பு நோய் தாக்கி 1941இல் 37 வயதில் இறந்தார். அவர் வாழ்க்கையைக் கேலிக்கோ எழுதினார். 1942இல் கேரி கூப்பர் நடித்த ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ படத்தின் கதைக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. பார்க்கலாம், ஆனால் கண்ணீர்த் துணி கையில் வேண்டும்.

இப்போது பூனைக்கு வருகிறேன், ஏனென்றால் என் கட்சிக்குப் பெரிய சாட்சி அதுதான். 1950இல் வந்த ‘ஜென்னி’ (அமெரிக்காவில் ‘தி அபாண்டன்டு’ என்று தலைப்பு). லண்டனில் பீட்டர் என்ற சிறுவன் விபத்தில் அடிபட்டுப் பூனையாக மாறிவிடுகிறான். உடம்பு பூனை, புத்தி பையன். ஜென்னி என்ற தெருப்பூனை அவனுக்குப் பூனையாக இருக்கக் கற்றுத்தருகிறது. எப்படி நக்கிக் குளிப்பது, முதலில் எந்தக் கால், கழுத்தை எப்படி வளைப்பது, குடிக்கும்போது நாக்கு எந்தப் பக்கம் சுருள வேண்டும், உயரத்திலிருந்து விழும்போது உடம்பை எப்படித் திருப்புவது என்று பக்கம் பக்கமாகப் பாடம். ஜென்னியின் முதல் விதி பிரசித்தம்: என்ன செய்வதென்று தெரியவில்லையா, குளி. படிக்கிறவர்கள் இதை அழகான கற்பனை என்று நகர்ந்துவிடுவார்கள், ஆனால் இது அச்சு அசலாக ஒரு பயிற்சி முகாம். புது உடம்புக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கற்றுக்குட்டிக்கு அனுபவசாலி சொல்லித்தருகிற நுணுக்கம். சரடோகாவில் கையுறை மாட்டிய அந்த நிருபரின் கேள்விதான் இங்கேயும், உள்ளேயிருந்து இது எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு, பீட்டரை அடித்து நொறுக்கி, கடைசியில் உயிரைக் கொடுத்து அவன் மோத வேண்டியிருக்கிற முரட்டு ஆண் பூனைக்கு அவர் வைத்த பெயர் டெம்ப்சி.

‘மிஸஸ் ஆரிஸ்’ கதைகள் 1958இல் தொடங்கின. வீடு வீடாகப் போய்த் துடைத்துப் பெருக்குகிற லண்டன் வேலைக்காரம்மா ஒருவர், ஒரு வீட்டு அலமாரியில் பாரிஸின் டியோர் நிறுவனத்து கவுனைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று 450 பவுண்டு சேர்க்கப் புறப்படுகிறார். இதிலும் விளையாட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கிறது: முதல் பணம் கால்பந்து ஆருடப் போட்டியில் விழுகிறது, அப்புறம் நாய்ப் பந்தயத்தில் பேராசைப்பட்டுக் கட்டி ஒரு பகுதியைத் தொலைக்கிறார். எளிய மனுஷி, பெரிய ஆசை, கதை ஓட்டம் பிரமாதம். 2022இல் வந்த படத்தில் முடிவை இனிப்பாக்கிவிட்டார்கள். நாவலில் அந்தக் கவுன் கருகியதோடு சரி, பாரிஸிலிருந்து பூக்கள்தான் வருகின்றன. அது இன்னும் நல்ல முடிவு.

கடைசியில் கப்பல். 1969இல் ‘தி போசைடன் அட்வென்ச்சர்’ வந்தபோது அவருக்கு 72. கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது, மேல்தளம் இப்போது கடலுக்கடியில், தப்ப வேண்டுமானால் கீழிருந்த அடித்தட்டை நோக்கி மேலே ஏற வேண்டும். வழிநடத்துகிற பாதிரியார் ஸ்காட் யார் என்று பாருங்கள்: பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பழைய அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். கடவுளிடம் அவர் கெஞ்சுவதில்லை, கோச்சிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். கைவிட்டு உட்காருகிறவனைக் கண்டால் கடவுளுக்குப் பிடிக்காது என்பது அவர் மதம். நீருக்கடியில் நீந்திப் போய் மற்றவர்களுக்கு வழி திறப்பது ஒரு காலத்தில் நீச்சலில் ஜெயித்த, இப்போது உடல் பெருத்த பெல் ரோஸன் என்ற யூதப் பாட்டி. 1938இல் யூதர்களைப் பற்றி அப்படி எழுதியவர் முப்பது வருடம் கழித்துக் கப்பலின் மிகத் துணிச்சலான காரியத்தை இந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். இது பிராயச்சித்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கேலிக்கோவால் அந்த உடம்புக்குள் போக முடிந்திருக்கிறது, அந்த நீச்சல் பக்கங்கள் நாவலின் சிறந்த பக்கங்கள்.

படத்துக்கும் புத்தகத்துக்கும் பெரிய வித்தியாசம் முடிவில். 1972 படத்தில் ஜீன் ஹேக்மன் ஸ்காட்டாக வந்து தியாகியாகிறார், அவரை நம்பிப் போனவர்களில் சிலர் மட்டும் பிழைக்கிறார்கள். நாவலில் ஸ்காட் கடவுளைத் திட்டித் தீர்த்துவிட்டுக் குதித்துச் சாகிறார், மீண்டவர்கள் வெளியே வந்து பார்த்தால் வேறு வழியாகப் போன இன்னொரு கூட்டமும் பிழைத்து நிற்கிறது. விடாமுயற்சிக்காரனின் மதத்துக்கு எழுத்தாளரே வைக்கிற ஆப்பு அது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: நாவலில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி வருகிறது, பாதிக்கப்பட்ட பெண்ணே செய்தவனைத் தேற்றுகிற மாதிரி எழுதியிருக்கிறார். டிட்ரிக்சனைப் பற்றி எழுதினபோது இருந்த அதே குருட்டுத்தனம் கடைசி வரை முழுதாகப் போகவில்லை.

தன்னைப் பற்றி அவருக்கு மாயை இல்லை. நான் மட்டமான நாவலாசிரியன், இலக்கியவாதியே இல்லை, கதை சொல்லப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று ஒரு பேட்டியில் சொன்னார். இரண்டாயிரம் வருடம் முன்னால் பிறந்திருந்தால் குகை குகையாகப் போய், பசிக்கிறது, சோறு போடுங்கள், பதிலுக்கு ஒரு கதை சொல்கிறேன் என்று கேட்டிருப்பேன் என்றும் சொன்னார். 1976 ஜூலை 15இல், ரிவியேரா கரையில், 79 வயதை எட்டப் பதினொரு நாள் இருக்கும்போது இறந்தார்.

என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கு: நேரம் குறைவு என்றால் ‘தி ஃபீல்’ கட்டுரையும் கார்னெரா அத்தியாயமும் போதும், இரண்டும் ‘ஃபேர்வெல் டு ஸ்போர்ட்’ புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகம் முழுவதையும் படித்தால் நான் சொன்ன கசப்பான பக்கங்களையும் தாண்ட வேண்டியிருக்கும், தாண்டுங்கள். நாவல் என்றால் ‘ஜென்னி’தான் என் தேர்வு, வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கும் கொடுக்கலாம், முடிவு கொஞ்சம் அழவைக்கும். ‘தி ஸ்னோ கூஸ்’ ஒரு மாலையில் முடிந்துவிடும், பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கு முக்கால்வாசி. ‘மிஸஸ் ஆரிஸ்’ முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்தடுத்து அந்த அம்மாவை நியூயார்க், பாராளுமன்றம், மாஸ்கோ என்று அனுப்பிவைத்ததில் சரக்கு தீர்ந்துவிட்டது. போசைடன் படத்தைப் பார்த்தவர்கள் நாவலின் கடைசி இரண்டு அத்தியாயத்தையாவது படியுங்கள்.